பரணில் கிடக்கும் வரைபடங்களை என்ன செய்வது?

கட்டடக் கலைஞர்கள் விட்டுச்சென்ற வரைபடங்கள், கடிதங்கள், கணக்குகளைப் பேணும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, அப்பா ஆர்க்கிடெக்டாக இருந்தவர். பரணில் ஐம்பது சுருள்களும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்களும் இருக்கின்றன. நல்ல படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமா?

தயவுசெய்து எதையும் கழிக்காதீர்கள். முகப்புப் படம் அழகாக இருக்கும், சரி. ஆனால் ஜன்னல் ஏன் அந்த இடத்துக்கு நகர்ந்தது, ஓடு ஏன் மாறியது என்பதெல்லாம் கசங்கிய ஸ்கெட்சிலும், வீட்டுக்காரர் எழுதிய கடிதத்திலும், மேஸ்திரியின் பில்லிலும்தான் இருக்கும். அடுக்கையும் கலைக்க வேண்டாம். எந்தச் சுருளோடு எந்தக் கோப்பு கிடந்தது என்பதும் ஒரு செய்திதான். இருக்கிறபடியே போட்டோ எடுத்து, கட்டுக்குக் கட்டு பென்சிலால் எண் போடுங்கள். அப்புறம் அப்பாவிடம் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன் யாராவது இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். எந்த வீடு, யாருக்கு, எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டு வருந்திய குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சில தாள்கள் முழு நீலம், சிலவற்றில் கோடு மட்டும் ஊதா. எப்படிப் பாதுகாப்பது?

நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் ப்ளூபிரிண்ட். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறை அது. காரம் (அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டால் அந்த நீலம் வெளிறிவிடும். பழைய காகிதங்களுக்கு நல்லது என்று காரம் சேர்த்துத் தயாரிக்கும் உறைகள் இதற்கு மட்டும் ஆகாது. வெளிச்சத்தால் வெளிறியிருந்தால் இருட்டில் வைத்துப் பாருங்கள், ஓரளவு நிறம் திரும்பும்.

வெள்ளைத் தாளில் ஊதாவோ நீலமோ கோடு என்றால் அம்மோனியா பிரிண்ட். இது வெளிச்சத்தில் மங்குவதோடு பக்கத்துத் தாளையும் கறையாக்கும். அதனால் தனியாக வையுங்கள். டிரேசிங் துணி (படம் வரையப் பயன்பட்ட, ஒளி ஊடுருவும் மெல்லிய துணி) இருந்தால் ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. அது கஞ்சி ஏற்றிய துணி, ஒரு சொட்டு நீரே கெடுத்துவிடும். செல்லோ டேப், ரப்பர் பேண்ட் இரண்டும் வேண்டாம். மடிக்காமல், அகலமான குழாயின் மேல்புறமாகச் சுற்றி வையுங்கள். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். அங்கே சூடும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்து தின்றுவிடும்.

கட்டடமே நிற்கும்போது படம் எதற்கு?

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பாருங்கள். 1248இல் தொடங்கிய கட்டுமானம் 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. கோபுரங்கள் முழுதாக எழும்பவில்லை. மேற்கு முகப்புக்கு இடைக்காலத்தில் தோலில் வரைந்த, நான்கு மீட்டருக்கும் மேல் உயரமான படம் ஒன்று இருந்தது. அதுவும் இரண்டு துண்டாகிக் காணாமல் போய்விட்டது. ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரணில் கிடைத்தது. மறுபாதி 1816இல் பாரிஸில் கிடைத்தது. 1842இல் மீண்டும் வேலை தொடங்கி, அந்தப் படத்தை ஒட்டியே 1880இல் கோபுரங்களை முடித்தார்கள். அந்தத் தோலை யாராவது குப்பையில் போட்டிருந்தால் இன்று நாம் பார்க்கும் முகப்பு இருந்திருக்காது.

இதற்கெல்லாம் விலை கிடைக்குமா மேடம்?

பெரும்பாலும் கிடைக்காது, நன்கொடையாகத்தான் தருவார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் விஷயம் வேறு. 1974இல் அவர் இறந்தபோது அலுவலகம் பெரும் கடனில் இருந்தது. அவர் வடிவமைத்த டாக்கா நாடாளுமன்றம்கூட முடிந்திருக்கவில்லை. வரைபடங்கள் ஏலத்தில் சிதறாமல் பென்சில்வேனியா மாநில அரசே வாங்கியது. இன்று அவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒன்றாக இருக்கின்றன. நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தம் ஆவணங்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்துக்கே கொடுத்தார். 6,000க்கும் மேற்பட்ட வரைபடங்கள். அவை பத்திரமாக இருப்பதில் எனக்கு நிம்மதி. பார்க்க விமானம் ஏற வேண்டும் என்பதில் வருத்தம். இங்கே கட்டடக்கலை கற்பிக்கும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் காப்பகம் உண்டு. முதலில் அங்கே கேளுங்கள்.

மதுரையில் படிக்கிறேன். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த மதுரா கிளப் பற்றி ஆய்வு செய்ய எங்கே போவது?

தம்பி, கொழும்பில் உள்ள ஜெஃப்ரி பாவா அறக்கட்டளைக்கு எழுதுங்கள். அவர் ஆவணங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. போனால் படத்தின் மூலையில் உள்ள பெயர்க் கட்டத்தைக் கவனியுங்கள். பாவாவின் படம் என்று நாம் சொல்பவற்றில் அவரோடு வேலை பார்த்த லகி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்களின் கைவண்ணம் உண்டு. பொறியாளர் பூலோகசுந்தரம் பாவாவின் பங்குதாரராகவே இருந்தவர். அவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீங்களே எழுதுங்களேன்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாம் கணினியில் வரையும் ஆட்டோகேட்தான். பழைய ஃப்ளாப்பிகளும் சிடிகளும் கிடக்கின்றன.

அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். நூறு வருஷத்து டிரேசிங்கைக் கண்ணால் படிக்கலாம், ஃப்ளாப்பியைப் படிக்க முடியாது. இந்த மாதமே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, வேறு வேறு இடங்களில் வையுங்கள். மூலக் கோப்போடு ஒரு பிடிஎஃப்பும், முக்கியமான தாள்களுக்கு ஒரு பிரிண்டும் இருக்கட்டும்.