வானொலி வாங்கியின் டைனமிக் ரேஞ்சை எப்படி அளப்பது? யாழ்ப்பாணத்தில் அது எவ்வளவு முக்கியம்?

டைனமிக் ரேஞ்ச் (வீச்சு) என்பது வாங்கிக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய சமிக்ஞைக்கும், தன்னுள்ளே பொய்ச் சமிக்ஞை உண்டாக்காமல் அது தாங்கும் மிக வலிய சமிக்ஞைக்கும் இடையிலான வித்தியாசம். விளம்பரத்தில் அதை ‘100 டெசிபெல்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனைச் சமிக்ஞைகளுக்கு இடையே எந்த அலைவரிசை இடைவெளியில், எந்த வடிகட்டியை வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

அளக்கும்போது முதலில் ஏஜிசியை (ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் சுற்றை) நிறுத்திவிட்டு, ஒலி வெளியீடு 3 டெசிபெல் உயரும் வரை சிக்னல் ஜெனரேற்றரின் (சோதனைச் சமிக்ஞை தரும் கருவியின்) அளவைக் கூட்ட வேண்டும். அப்போது ஜெனரேற்றர் கொடுக்கும் அளவே வாங்கியின் இரைச்சல் தளம். 500 ஹேட்ஸ் வடிகட்டியில் நல்ல வாங்கி ஒன்றுக்கு அது −130 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அளவில் இருக்கும். அடுத்து, 14,020, 14,040 கிலோஹேட்ஸில் சம பலமுள்ள இரு சமிக்ஞைகளை ஒன்றாகக் கொடுத்து, வாங்கியை 14,060இல் வைத்துக் கேட்க வேண்டும். அங்கே கேட்பது வாங்கி தன்னுள்ளேயே உண்டாக்கிய மூன்றாம் படிப் பொய்ச் சமிக்ஞை (14,040இன் இருமடங்கிலிருந்து 14,020ஐக் கழித்தால் 14,060). அது இரைச்சல் தளத்தை எட்டும்போது கொடுத்த அளவு −35 டிபிஎம் என்றால், வீச்சு 95 டெசிபெல். இரு ஜெனரேற்றர்களும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து அதே பொய்ச் சமிக்ஞையைத் தாமே உண்டாக்கிவிடாதபடி, இடையில் அட்டெனுவேற்றர்களும் (சமிக்ஞையைக் குறைப்பவை) நன்கு தனிமைப்படுத்தும் இணைப்பியும் இருப்பது கட்டாயம்; வீட்டில் செய்யும் அளவீடுகள் பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். இதே சோதனையை 2 கிலோஹேட்ஸ் இடைவெளியில் செய்தால், இரு சமிக்ஞைகளும் முதல் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிடுவதால், பழைய வடிவமைப்புகள் பலவற்றில் வீச்சு 20 டெசிபெல்லுக்கு மேலும் சரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலோ இந்த மூன்றாம் படி எண் மட்டும் போதாது. புத்தளத்தின் 882 கிலோஹேட்ஸ் நிலையம் 400 கிலோவாட், திருச்சியின் 936 கிலோஹேட்ஸ் நிலையம் 100 கிலோவாட் என்ற வலுவில் அமைக்கப்பட்டவை. இவ்விரண்டும் வாங்கிக்குள் கலந்தால், அலைவரிசைகளின் கூட்டுத்தொகையான 1818 கிலோஹேட்ஸில் பொய்ச் சமிக்ஞை எழும். அது அமெச்சூர் வானொலியின் 160 மீற்றர் பட்டைக்குள் விழுகிறது. இது இரண்டாம் படிக் கலப்பு என்பதால், 20 மீற்றர் பட்டையில் (மேலே சொன்ன 14,000 கிலோஹேட்ஸ் பகுதியில்) அளந்த எண் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உங்கள் வாங்கியை ஆய்வுகூடம் இல்லாமலே சோதிக்கலாம். 1818இல் ஏதாவது கேட்டால், அன்ரெனாவுக்கும் வாங்கிக்கும் இடையே 10 டெசிபெல் அட்டெனுவேற்றரைப் போடுங்கள். உண்மையான சமிக்ஞை 10 டெசிபெல் மட்டுமே குறையும். இரண்டாம் படிப் பொய் 20, மூன்றாம் படிப் பொய் 30 குறையும். பொய்தான் என்று தெரிந்தால், வேறு வாங்கிக்குச் செலவழிக்குமுன் மத்திய அலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை அன்ரெனா வழியில் சேர்த்துப் பாருங்கள். சில சுருள்களும் கொள்ளளவிகளும் போதும்.