பௌர்ணமியன்று போயும் ஒரு கொத்துகூட இல்லையா?

கூடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, போன பௌர்ணமியன்று நானும் மச்சானும் நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாகக் கேரளக் கடற்கரையில் உள்ள பேப்பூர் போய்த் தூண்டில் போட்டோம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கரை தளும்ப நின்றது. இரண்டு மணி நேரம் பார்த்தோம், ஒரு கொத்துகூட இல்லை, கிளம்பிவிட்டோம். பௌர்ணமியில் மீன் கிடைக்கும் என்றார்களே? ஊட்டிப் பக்கத்து எமரால்டு ஏரிக்கும் பௌர்ணமி, அமாவாசை பார்க்க வேண்டுமா? தண்ணீரின் சூட்டுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?”

தம்பி, நாளில் பெரிய தப்பில்லை, நேரம்தான் காலை வாரிவிட்டது. தண்ணீர் தளும்பி நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ‘நின்றது’தான் விஷயம். கடல்நீர் மேலேறும் ஏற்றம் முடிந்து, கீழிறங்கும் வற்றம் தொடங்கும் முன் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், அப்போது கொடுவாவும் செம்பல்லியும் பாறைச் சந்தில் சும்மா இருக்கும். தண்ணீர் ஓட ஆரம்பித்து, உப்பங்கழிக்குள் இருக்கும் இறாலையும் மடவைக் குஞ்சையும் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு வரும்போதுதான் அவை கல்லின் மறைவில் ஓட்டத்தைப் பார்த்து முகம் திருப்பி நின்று இரைக்குக் காத்திருக்கும். நீங்கள் கிளம்பிய நேரத்தில்தான் ஓட்டம் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஆக முதல் மணியில் 8 சென்டிமீட்டர், நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 50. அந்த நடு நேரத்தைப் பிடியுங்கள். கேரளக் கரையில் ஒரு நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே அளவாக இருக்காது என்பதால் கணக்கு கொஞ்சம் முன்பின் போகும், ஆனாலும் கைகொடுக்கும்.

இப்போது நிலா. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுக்கும் நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அமாவாசையிலும் அதே கோடுதான், அதனால் பௌர்ணமிக்கு மட்டும் தனி மகிமை கிடையாது. பேப்பூரில் இரண்டையுமே வாவு என்பார்கள், கறுத்த வாவு, வெளுத்த வாவு என்று, நம் பழைய தமிழில் இருந்த உவாதான் அது. அந்தப் பெரிய ஓட்டமும் அன்றே உச்சத்துக்கு வராது, ஒன்றிரண்டு நாள் தள்ளி, பிரதமை, துவிதியையில் வரும். அப்போது இழுப்பு சில இடங்களில் ஈயக்குண்டையே நிற்கவிடாது, தண்ணீரும் கலங்கிக் கிடக்கும். கரையிலிருந்து போடுகிறவருக்கு நான் சொல்வது சதுர்த்தி, பஞ்சமி. ஓட்டமும் இருக்கும், தண்ணீரும் கொஞ்சம் தெளிந்திருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில், முக்கியமாக நவமி, தசமியில் ஓட்டம் செத்துப்போகும், அவ்வளவு தூரம் டீசல் செலவழிக்காதீர்கள்.

நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐதராபாத்தில் உள்ள, கடல் தகவல் தரும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் ஏற்ற வற்ற நேரத்தை வெளியிடுகிறது, கைப்பேசியில் பார்க்கலாம். அதைவிட எளிதான வழி, ஒரு பௌர்ணமியன்று அந்த ஊரில் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் எல்லாப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஏறத்தாழ அதே மணிதான். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நாட்காட்டித் தாளில் திதி இருக்கிறதே, அதைக் கொண்டு வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

நிலா வெளிச்சம் வேறு கதை. விளக்கு போட்டு மத்தி, கணவாய் பிடிக்கிறவர்களுக்கு இருட்டு வேண்டும், நிலா காயும் இரவில் விளக்கின் கவர்ச்சி எடுபடாது. (செயற்கை விளக்கு மீன்பிடிப்பை 2017-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது, நல்ல காரியம்.) பகலில் கரையில் நிற்கும் உங்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

சூட்டுக்கு வருகிறேன். கடலில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பெரிதாக மாறாது, பருவத்துக்குப் பருவம்தான் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும், அதில் சத்து அதிகம், ஆக்சிஜன் குறைவு. மத்திக்கு அது விருந்து. அடியில் வாழும் மீன்கள் மூச்சு முட்டிக் கரைப்பக்கம் ஒதுங்கும். அதே மாதங்களில் கூடலூரில் உங்கள் வீட்டு ஓட்டில் விழும் மழை பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து, நீங்கள் தூண்டில் போட்ட அந்த முகத்துவாரத்துக்கே வருகிறது. செம்மண் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேரும் கோடு கண்ணுக்கே தெரியும், கொடுவா அங்கேதான் சுற்றும். ஆனால் மழைக்காலத்தில் புலிமுட்டின், அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பின், நுனிக்குப் போகாதீர்கள். மழைக்கு முந்தைய மாதங்களிலும், காற்றே இல்லாத நாளில், தெற்கே வெகுதூரத்திலிருந்து வரும் பேரலை திடீரென்று ஏறும், கள்ளக்கடல் என்பார்கள். இன்காய்ஸ் அதற்கும் எச்சரிக்கை கொடுக்கும். அன்று வீட்டிலேயே இருங்கள்.

எமரால்டுக்குப் பௌர்ணமி வேண்டாம். வட அமெரிக்காவின் மாபெரும் ஏரிகளிலேயே இந்த ஏற்ற வற்றம் 5 சென்டிமீட்டரைத் தாண்டாது, நம் ஏரி எம்மாத்திரம். அங்கே கரை உள்வாங்குவதும் ஏறுவதும் குந்தா மின்திட்டத்துக்குத் தண்ணீர் எடுப்பதாலும் மழையாலும்தான்.

மலையில் பார்க்க வேண்டியது வெப்பமானி. 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த டிரவுட் குளிர்நீர் மீன், 10 முதல் 18 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும், 20-ஐத் தாண்டினால் தவிக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கடல்மட்டத்தைவிட ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துதான் இருக்கும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் டிரவுட்டுக்கு விடிகாலை மட்டும். 1939-இல் ஊட்டி ஏரியில் விட்ட கெண்டை இதற்கு நேர் எதிர், உறைபனிக் காலத்தில் காலை பதினொன்றுக்கு மேல் கரையோர ஆழமில்லாத நீர் வெயிலில் சூடேறும்போதுதான் வாயைத் திறக்கும்.

ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். 20-க்கு மேல் காட்டினால் டிரவுட்டை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப விட்டாலும் பல மீன்கள் பிழைக்காது. மீன்வளத் துறை, வனத்துறை அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த பேப்பூர்ப் பயணத்துக்கு, பத்து மணி வாக்கில் தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் நாளாகப் பாருங்கள். நல்ல ஓட்டம் உங்களுக்கு மதியம் ஒரு மணி வரை கிடைக்கும். உயிர் இறால் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஓட்டத்தில் செத்த இரையைவிட அதுதான் எடுபடும்.