லீவர் ரைஃபிளுக்குக் கையால் அடைத்த தோட்டா: எங்கே உழைத்தால் பலன்?

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அவரிடம் எழுபதுகளில் செய்த மார்லின் 336 என்ற லீவர் ரைஃபிள் (அடியில் இருக்கும் கைப்பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) இருக்கிறது, போடும் தோட்டா .30-30. கடைத் தோட்டா, குண்டின் எடை 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்), 100 கஜத்தில் நாலு அங்குலத்துக்குச் சிதறுகிறது. பிரெஸ், டை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) எல்லாம் வாங்கிச் சொந்தமாக அடைத்துப் பார்த்தும் மூன்று அங்குலத்துக்குக் கீழே வரவில்லை. நண்பர்கள் நெக் சைசிங் செய் (கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கு), கேஸ்களை, அதாவது அந்தப் பித்தளைக் கூடுகளை, எடைபோட்டுப் பிரி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வாங்கு என்கிறார்கள். இதெல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. அந்த நண்பர்கள் போல்ட் ரைஃபிள்காரர்களாக (போல்ட்டைக் கையால் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி மூடும் வகை) இருப்பார்கள் என்று நினைக்கிறேன். போல்ட் ரைஃபிளில் குண்டை எவ்வளவு வெளியே நீட்டி வைப்பது, ரைஃப்ளிங்குக்கு (பேரலின் உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களுக்கு) எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோவது என்று விளையாட இடமுண்டு. உங்கள் துப்பாக்கியில் அந்த இடமே இல்லை. தோட்டாவின் மொத்த நீளத்தை லீவர் மெக்கானிசம் தீர்மானித்துவிடுகிறது (.30-30க்கு அதிகபட்சம் 2.550 அங்குலம்), குண்டு உட்காரும் ஆழத்தை அதன் இடுப்பில் இருக்கும் பள்ளம், அதாவது கேனலூர், தீர்மானித்துவிடுகிறது. மிச்சம் உங்கள் கையில் இருப்பவை எந்தக் குண்டு, எவ்வளவு பவுடர், எப்படிப்பட்ட கிரிம்ப் (கேஸின் வாயை மடக்கிக் குண்டைப் பிடிக்கவைப்பது), அவ்வளவுதான். அதில் கிரிம்ப்தான் எல்லோரும் அலட்சியம் செய்யும் இடம். அதற்கு வருகிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பாருங்கள். கட்டை இரண்டு துண்டு. முன்கட்டை, தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாய், இவற்றைப் பிடிக்கும் வளையமான பேண்ட் என்று பேரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான்கள் ஏராளம், பேரல் சூடாகி நீள ஆரம்பித்ததும் இவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் அடுத்தடுத்து பத்து தோட்டா சுட்டுவிட்டு அந்தக் குரூப்பை (இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டத்தை) வைத்து லோடை (எந்தக் குண்டு, எவ்வளவு பவுடர் என்ற சேர்க்கையை) மதிப்பிடக்கூடாது. மூன்று சுடுங்கள், பேரல் கைக்குக் குளிர்ந்த பிறகு அடுத்த மூன்று. மானைச் சுடுவதும் குளிர்ந்த பேரலில்தானே. முன்கட்டையை ரிசீவருக்கு (போல்ட் இருக்கும் உலோக நடுப்பகுதிக்கு) பக்கத்தில் மணல்மூட்டை மேல் வையுங்கள், பேரல் எதிலும் படக்கூடாது. பேண்ட் திருகுகள் இறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தால் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், சில துப்பாக்கிகளில் இது ஒன்றே சிதறலைக் குறைத்துவிடும். பேரல் வாயின் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 336-இல் ஒரு திருகைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் வந்துவிடும், பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். ஆனால் பழைய சொந்தக்காரர் அந்தச் சிரமம் எடுக்காமல் வாய்ப்பக்கமாகவே கம்பியை விட்டுத் தேய்த்திருந்தால் விளிம்பு தேய்ந்திருக்கும். அதை எந்த லோடும் சரிசெய்யாது, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

திறந்த சைட்டில் சுட்டுத்தான் நாலு அங்குலம் என்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அதில் உங்கள் கண்ணின் பங்கு கணிசம். லோடு சோதிக்கும் நாட்களுக்காவது ஒரு ஸ்கோப் மாட்டிவிடுங்கள், 336-இன் மேல்பக்கம் மூடியது, கேஸ் பக்கவாட்டில் வெளியேறும் என்பதால் மாட்டுவது சுலபம்.

சரி, குண்டு. குழாய் மேகசினில் ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடிபட்டதும் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) முட்டிக்கொண்டு நிற்கிறது. கூர்மூக்குக் குண்டு போட்டால் துப்பாக்கியின் உதைப்பில் அந்தப் பிரைமர் வெடிக்கலாம், அதனால்தான் தட்டைமூக்கு. (பிரைமரும் கேஸ் அடிப்பாகத்துக்குச் சற்று உள்ளே அமர்ந்திருக்க வேண்டும், துருத்தக்கூடாது, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.) ஹார்னடியின் எஃப்டிஎக்ஸ் மாதிரி ரப்பர் போன்ற மென்மையான நுனி வைத்தவை விதிவிலக்கு, அவை கூராக இருந்தாலும் குழாய்க்கென்றே செய்தவை. அதன் ஆதாயம் 200 கஜத்தில் தெரியும், உங்கள் காட்டில் 100-க்குள் சுடுவீர்கள் என்றால் சாதாரண 150 அல்லது 170 தட்டைமூக்கே போதும். ஆனால் இந்த இரண்டு எடையையும், முடிந்தால் இரண்டு கம்பெனிக் குண்டுகளையும் சோதித்தே ஆக வேண்டும். பவுடரை அரை கிரெய்ன் ஏற்றி இறக்குவதைவிடக் குண்டை மாற்றுவதில்தான் பெரிய வித்தியாசம் வரும். ஈயம் வார்த்த குண்டு போட ஆசை இருந்தால் வேறு கதை: மார்லினின் மைக்ரோ-குரூவ் பள்ளங்கள் ஆழமற்றவை, பேரலின் உள்ளளவை எடுத்து அதைவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிய குண்டாகப் பார்க்க வேண்டும். முதலில் செம்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டில் துப்பாக்கியைப் புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கிரிம்ப். குழாயின் ஸ்பிரிங்கும் உதைப்பும் சேர்ந்து குண்டைக் கேஸுக்குள் தள்ளப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் கேஸின் வாயைக் கேனலூருக்குள் மடக்குகிறோம். அந்தப் பிடி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே அளவு இருந்தால்தான் பவுடர் ஒரே மாதிரி எரிய ஆரம்பிக்கும். பிடி எதைப் பொறுத்தது? கேஸின் நீளத்தை. நீளமான கேஸில் டை அதிகமாக மடக்கி, சில சமயம் தோள்பக்கத்தை (கேஸ் கழுத்தாக ஒடுங்கும் இடத்தை) பிதுக்கி, சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) நுழையாமலே செய்துவிடும். குட்டையான கேஸில் மடக்கவே மடக்காது. ஆகவே எல்லாக் கேஸையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். .30-30க்கு உச்ச நீளம் 2.039 அங்குலம், வழக்கமாக வெட்டுவது 2.029. "இன்னும் உச்சத்தைத் தாண்டவில்லையே" என்று பாதியை வெட்டாமல் விடுவதுதான் மூன்று அங்குலக் குரூப்புகளுக்கு முக்கியமான காரணம் என்று சந்தேகிக்கிறேன். குண்டை அமர்த்துவதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்யாதீர்கள், குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடங்கினால் கோணலாகும். தனித்தனியாகச் செய்யுங்கள். லீ ஃபேக்டரி கிரிம்ப் டை பக்கவாட்டிலிருந்து அழுத்துவதால் நீள வித்தியாசத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், விலையும் அதிகமில்லை. நண்பர்கள் சொல்லும் சாமான்களுக்குப் பதில் அதை வாங்குங்கள்.

நெக் சைசிங் பற்றி. யோசனை தப்பில்லை, துப்பாக்கிதான் வேறு. .30-30 விளிம்புள்ள கேஸ், சேம்பரில் அந்த விளிம்பைப் பிடித்துத்தான் நிற்கிறது, தோளுக்கு முன்னால் காலியிடம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். சுட்டதும் தோள் முன்னால் போய்விடும். நீங்கள் டையை ஷெல் ஹோல்டரில் (பிரெஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டில்) முட்டும்வரை இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளினால், அடுத்த முறையும் அது நீளும். போல்ட் பின்னால்தான் பூட்டிக்கொள்கிறது என்பதும் சேர்ந்து, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும். கேஸின் வெளியே அங்கே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது பள்ளத்தில் தட்டினாலோ குப்பையில் போடுங்கள். இதைத் தவிர்க்க நெக் மட்டும் சைஸ் செய்யலாம் என்றால், சில சுற்றுகளில் கேஸ் சேம்பரில் இறுக ஆரம்பிக்கும், போல்ட் ரைஃபிள் மாதிரி அழுத்தி மூடும் பலம் லீவருக்குக் கிடையாது. நடுவழி இதுதான்: சுட்ட கேஸ் ஒன்றை எடுத்து, டையைச் சற்று உயர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், பவுடரும் பிரைமரும் இல்லாத அந்தக் கேஸ் லீவரில் தடங்கலின்றி மூடும் இடத்தில் நிறுத்தி டையைப் பூட்டுங்கள். அந்தக் கேஸ்கள் இனி இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்.

பவுடரில் ஐஎம்ஆர் 3031 பல தலைமுறையாக இந்தத் தோட்டாவுக்குப் பழகியது, ஹாட்ஜ்டனின் லெவர்எவல்யூஷன் வேகம் கூடுதலாகத் தரும். அளவை அச்சிட்ட மேனுவலிலிருந்து மட்டும் எடுங்கள், ஆரம்ப அளவில் தொடங்கி மேலே போங்கள், உச்சத்தோடு நிறுத்துங்கள். பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கும் வித்தை இங்கே உதவாது. .30-30இன் வரம்பு 42,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), அந்த அறிகுறிகள் பளிச்சென்று தெரிவதோ பெரும்பாலும் 60,000-ஐ ஒட்டித்தான். லீவர் திறக்க முரண்டு பிடிக்கும் நேரத்தில் நீங்கள் எல்லை தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள். என் கணிப்பில் நல்ல குரூப் உச்சத்துக்குச் சற்றுக் கீழேயே கிடைத்துவிடும்.

குரோனோகிராஃப் கெட்ட சாமானல்ல, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு மருந்தல்ல. விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு 100 கஜம் போக ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும், அதற்குள் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல் விழுகிறது. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் 40 அடி மாறினாலும் இலக்கில் கால் அங்குலம்கூட மாறாது. கேஸை எடைபோட்டுப் பிரிப்பதும் அதே ரகம், ஒரே கம்பெனி, ஒரே தடவை வாங்கியது என்றிருந்தால் போதும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வைக்கலாம்? நல்ல நிலையில் இருக்கும் 336 இரண்டு அங்குலம் கொடுத்தால் திருப்தியடையுங்கள், ஒன்றரை வந்தால் அதிர்ஷ்டம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பரப்பு எட்டு அங்குலம் அளவுக்கு இருக்கும். ஒரே ஒரு மூன்று தோட்டாக் குரூப் ஒன்றரை அங்குலம் வந்ததென்று லோடைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், தற்செயலாகவும் வரும். குளிரவிட்டுச் சுட்ட மூன்று மூன்று குரூப்புகளை ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதியவிட்டு, பன்னிரண்டு துளை சேர்ந்த பிறகு இரண்டு லோடுகளின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வேட்டைக்கு எடுத்துப்போகும் தோட்டாக்களை, ரேஞ்சில், பேரலின் வாய் இலக்கைப் பார்த்திருக்க, குழாயிலிருந்து ஒருமுறை லீவரில் ஏற்றி இறக்குங்கள். முடிந்ததும் ஒவ்வொன்றின் நீளத்தையும் காலிப்பரில் அளந்து, குண்டு உள்ளே போயிருப்பதை ஒதுக்கிவிடுங்கள்.