கரை அடியில் கசிவு: களிமண் பூசி அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். மண் அணையின் வெளிப்பக்க அடிவாரத்தில் கசிவு, களிமண் பூசிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வழியை மூடினால் கரைக்குள் அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறு இடத்தில் பீறிடும்.

முதலில் அந்த நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளே அரிபடுகிறது. 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணை உள்ளரிப்பில்தான் உடைந்தது. உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள், கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அதுவரை கசியும் வாய்மேல் மணல், அதன்மேல் சரளை. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது.

தெளிவாக இருந்தால் சரி, வாளி நிரம்பும் நேரத்தை நீர்மட்டத்தோடு வாரந்தோறும் குறித்து வாருங்கள். அப்புறம், தெளிந்த கசிவுக்குப் பயந்து மதகை முழுசாகத் திறந்துவிடாதீர்கள். நீர் சட்டென்று இறங்கினால் ஊறிப்போன உள்சரிவு சரிந்துவிடும்.