பழைய டீசல் காருக்கு புது வயரிங்: வாசகர் கேள்வியும் பதிலும்

கோபிசெட்டிபாளையம் வாசகர்: வணக்கமுங்ணா. எங்ககிட்ட 1996 மாடல் பென்ஸ் ஈ250 டீசல் இருக்குதுங்க, அப்பா ஆசைப்பட்டு வாங்குனது, விக்க மனசு வரல. இஞ்சின் நல்லாத்தான் ஓடுது, ஆனா காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் ஆகுது, வெள்ளைப் பொகையா வருது, கோத்தகிரில ஒரு ராத்திரி நிறுத்துனா மறுநாள் எடுக்கவே மாட்டேங்குது. பானெட்டைத் தொறந்து வயரைத் தொட்டா மேல இருக்கற உறை பொடிப்பொடியா உதுருது, உள்ள செம்பு தெரியுது. ஒரு பெரிய ஒர்க்சாப்ல கேட்டா முழு செட்டா வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னு சொல்றாங்க, அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிரலாமுங்க. உள்ளூர் எலக்ட்ரீசியன் டேப் சுத்தி விட்டுரலாங்கறாரு. இங்கயே புதுசா கட்ட முடியுங்களா?

பதில்: கட்டலாமுங்க, தாராளமா கட்டலாம். டேப் மட்டும் சுத்த விட்டுராதீங்க. நீங்க வெளிய பாக்கறது வயர்க் கட்டோட மேல் வயர் மட்டுந்தான், உள்ள இருக்கற வயருக்கும் இதே கதிதான், அங்க ஒண்ணோட ஒண்ணு செம்பு ஒரசிட்டு இருக்கும், டேப் சுத்தறதுக்காக வளைச்சாலே மிச்சம் இருக்கற உறையும் உதுந்துரும். ஸ்டார்ட்டருக்குப் போற தடி கேபிளுக்கு ஃபியூஸே கிடையாதுங்க, பேட்டரில இருந்து நேராப் போகுது, அது எங்கயாவது பாடில தொட்டுச்சுன்னா வண்டியே பத்திக்கும், அதனால இதைத் தள்ளிப் போடாதீங்க.

இது உங்க வண்டிக்கு மட்டும் வந்த சீக்கு இல்ல. 1992ல இருந்து 95, 96 வரைக்கும் வந்த பென்ஸ் வண்டிக நெறையத்துல இஞ்சின் வயருக்குப் போட்ட உறை சூடு தாங்காம காஞ்சு ஒடையற ரகம், ஒலகம் பூரா இதே கதைதான். அதே காலத்து பெட்ரோல் வண்டில இது வந்தா கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். உங்களோடது அஞ்சு சிலிண்டர் இஞ்சின், மெக்கானிக்கல் பம்பு. ஒருதடவ ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா ஓடறதுக்குக் கரண்டே வேண்டியதில்ல, ஆஃப் ஆகறது கூட வேக்குவத்துலதான், அதாவது காத்தை உறிஞ்சற விசைல. அதனாலதான் வயர் இந்தக் கதில இருந்தும் வண்டி ஓடிட்டு இருக்குது, அதே காரணத்துல கட்ட வேண்டிய வயரும் கொஞ்சந்தான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடு பண்ற குளோ பிளக்குக்கு அஞ்சு, ஸ்டார்ட்டருக்கு ரெண்டு, ஆல்டர்நேட்டருக்கு ரெண்டு, ஆயில் பிரசர், டெம்பரேச்சர், ஏசி கம்ப்ரசர், பம்புகிட்ட சென்சார் எதாவது இருந்தா அது. கைப்பக்குவம் இருக்கற எலக்ட்ரீசியனுக்கு இது பெரிய வேலையே இல்ல, பொறுமைதான் வேணும்.

மொதல்ல குளோ பிளக்கைப் பாத்துருங்க. வெள்ளைப் பொகையும் கோத்தகிரி குளுரும் சொல்றதைப் பாத்தா பிளக்குக்குக் கரண்ட் சரியாப் போகல, இல்ல ஒண்ணு ரெண்டு பிளக் செத்துருக்கும். ஃபெண்டர் ஓரம் குளோ ரிலே இருக்கும், அதுல 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் ஒண்ணு, அது விரிசல் உட்ருக்குதான்னு பாருங்க. ரிலேல இருந்து பிளக்குக்குப் போற சாக்கெட்டைக் கழட்டி ஒவ்வொரு முனைக்கும் இஞ்சினுக்கும் நடுவுல மீட்டர்ல ஓம் வெச்சுப் பாருங்க, நல்ல பிளக்குன்னா ஒரு ஓமோ அதுக்கும் கீழயோ காட்டும், செத்ததுன்னா ஒண்ணுமே காட்டாது. ஆனா செத்தது பிளக்கா வயரான்னு பிளக் தலைல நேரா வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். பிளக்கைக் கழட்டறதா இருந்தா இஞ்சின் சூடா இருக்கறப்பவே மெதுவாக் கழட்டச் சொல்லுங்க, ஆறுன இஞ்சின்ல முறுக்குனா கார்பன் புடிச்ச முனை ஒடைஞ்சு ஹெட்டுக்குள்ள மாட்டிக்கும்.

இனி வயருங்க. நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வாங்குன கேபிள் மிச்சம் கெடக்கும், அதை வண்டிக்கு இழுத்து உட்றதை நெறைய எடத்துல பாக்கறேன், வேண்டாமுங்க. அது கெணத்துத் தண்ணிக்குள்ள கெடக்கறதுக்குச் செஞ்சது. வீட்டு வயரும் 70 டிகிரிக்குத்தான், இஞ்சின் பக்கத்துல அது பத்தாது. ஆட்டோ வயர்னு கேட்டு அதுலயும் 105 டிகிரி தாங்கற மெல்லிசு உறை வயர் வாங்குங்க, எக்சாஸ்ட் பக்கம் போறதுக்கு எக்ஸ்எல்பிஇங்கற சூடு தாங்கற பாலித்தீன் உறை போட்ட 125 டிகிரி வயர் கெடைச்சா ரொம்ப நல்லது. சிலிகான் வயர் 180 டிகிரி தாங்குமுங்க, ஆனா கூரான தகடு பட்டா ஈசியா கிழியும், அதனால அதைப் போட்டா மேல ஒரு ஸ்லீவ் கட்டாயம். இந்த விசயத்துல கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க, மோட்டார் வைண்டிங் சாமான் விக்கற கடைக்குப் போனா கண்ணாடி நூல் ஸ்லீவ், வயர் முனைல மாட்டற செம்பு லக், லக் அமுக்கற டூல் எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கும். தடிமனைக் கொறைக்காதீங்க, பழைய வயரோட செம்பு எத்தன ஸ்கொயர் எம்எம்மோ அதே, இல்லீன்னா ஒருபடி மேல.

கட்டற முறை ரொம்ப முக்கியம். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டு, கழட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு முனைக்கும் பேர் எழுதி ஒட்டி போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பழைய வயர்க் கட்டை அறுக்காம முழுசா வெளிய எடுத்து ஒரு பிளைவுட் பலகைல விரிச்சு, கெளை பிரியற எடத்துல எல்லாம் ஆணி அடிச்சு, நீளத்தைப் பலகைலயே கோடு போட்டுக்கணும். அப்பறம் ஒவ்வொரு வயரா மாத்திட்டே வரணும், எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டிப் போட்டுட்டு உக்காந்தா கலர் எல்லாம் கருகிப் போயிருக்கறதால எது எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது. ஜெர்மன் வண்டில நெம்பர் இருக்கறது நமக்கு ஒரு ஒதவி: 30ன்னா பேட்டரி நேர் பாசிட்டிவ், 15ன்னா சாவி போட்டா வர்றது, 31 எர்த், 50 ஸ்டார்ட்டருக்கு. அந்த நெம்பரை புது வயர்லயும் எழுதிருங்க. சாக்கெட்டு ஒடையாம இருந்தா அதையே வெச்சுக்கலாம், உள்ள பின்னு மட்டும் புதுசு.

ஈயம் வெச்சு ஒட்றதை நெறைய பேர் ஒசத்தியாச் சொல்றாங்க, இஞ்சின் மேல நான் ஒத்துக்க மாட்டேன். ஈயம் இழைக்குள்ள ஏறி அந்த எடம் விறைச்சுக்கும், டீசல் இஞ்சின் ஆட்ற ஆட்டத்துல சரியா அதோட ஓரத்துலயே ஒடையும். நல்ல டூல் போட்டு லக் அமுக்கி, உள்ள பசை இருக்கற ஹீட் ஸ்ரிங்க், அதாவது சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்கற குழாய், ஏத்துங்க. மேல சுத்தறதுக்கு சாதா பிவிசி டேப் சூட்டுல பிசுபிசுன்னு உருகி வழியும், துணி டேப் போடுங்க. பாடில இருந்து இஞ்சினுக்குத் தாண்டற எடத்துல வயரைக் கொஞ்சம் லூசா உடணும், இஞ்சின் மவுண்ட்டு மேல ஆடுதில்லீங்களா. டீசல் பைப்போட சேத்துக் கட்டவே கூடாது. டேப்பெட் கவர்ல ஆயில் கசிவு இருந்தா அதை மொதல்ல அடைங்க, ஆயில் பட்டா புது வயர் உறையும் ஊறிப் போயிரும்.

மொதத் தடவை கரண்ட் குடுக்கறப்ப நேராக் குடுக்காதீங்க. பேட்டரி நெகட்டிவ்வுக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பைப் போட்டு, சாவி ஆஃப்ல, கதவெல்லாம் சாத்திட்டுப் பாருங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா எங்கயோ ஷார்ட் இருக்குது, எரியாம இருந்தா கேபிளை மாட்டலாம். அப்பறம் சாவி போட்டதும் பேட்டரி லைட்டு எரியணும், எரியலன்னா ஆல்டர்நேட்டர்ல இருந்து அந்த லைட்டுக்கு வர்ற டி பிளஸ் வயர் விட்டுருக்கலாம், அப்படின்னா சார்ஜும் ஏறாது.

பொள்ளாச்சி வாசகி: தோப்புல கார் நிறுத்தறோமுங்க, எலி வயரைக் கடிச்சுருது. டீசல் கார்தான், ஓடிட்டு இருக்கறப்பவே டக்குனு ஆஃப் ஆயிருச்சு, கடிச்ச வயரை முறுக்கி விட்டதும் ஸ்டார்ட் ஆயிருச்சு. அப்படியே உட்டுரலாங்களா?

பதில்: உடாதீங்க அம்மிணி. உங்க வண்டில சுழல் பம்பு இருக்கும்போல, அது மேல ஒரு சோலினாய்டு, கரண்ட்ல வேலை செய்யற வால்வு, அதுக்கு கரண்ட் இருந்தாத்தான் டீசல் தொறக்கும், போச்சுன்னா இஞ்சின் நின்னுரும். வால்பாறை கொண்டை ஊசி வளைவுல ஏறறப்ப நின்னுச்சுன்னா பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் சேந்து போயிரும். அந்த ஒரு வயரைச் சாவி பக்கத்துல இருந்து முழுசாப் புதுசா இழுத்து, ஃபியூஸ் போட்டு, நெளி டியூப்புக்குள்ள உட்டுருங்க. வண்டியை தேங்காய் மட்டை குமிச்ச எடத்துல இருந்து தள்ளி நிறுத்துங்க, ராத்திரி பானெட்டைத் தொறந்து வெச்சாலும் எலி கூடு கட்றது கொறையும்.

சங்ககிரி வாசகர்: பழைய டீசல் காருக்கு இஞ்சின் வயரிங் எல்லாம் மாத்தியாச்சுங்க, பேட்டரியும் புதுசு. ஆனாலும் ஸ்டார்ட்டர் மெதுவாத்தான் சுத்துது, ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. திரும்பக் கழட்டணுமா?

பதில்: கழட்ட வேண்டாமுங்க, இஞ்சினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவ்வோட சேக்கற எர்த் பட்டையை மாத்துங்க. லைட்டு போட்டா முள்ளு ஏறுதுன்னாலே எர்த் சரியில்ல. வோல்ட் மீட்டரோட ஒரு கம்பியை பேட்டரி நெகட்டிவ் முனைலயும், இன்னொண்ணை இஞ்சின் பிளாக்லயும் வெச்சு ஒருத்தரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்க, 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.5 தாண்டுச்சுன்னா பட்டையோ போல்ட்டோ துரு புடிச்சுருக்குது. அதே மாதிரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவுல 0.5க்குள்ள இருக்கணும். பெயிண்ட்டைச் சொரண்டி வெள்ளை இரும்பு தெரியற அளவுக்குத் தேச்சு பட்டையை மாட்டி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவிருங்க. கியர்பாக்ஸ்கிட்ட கீழ இன்னொரு பட்டை இருக்குதான்னும் குனிஞ்சு பாத்துருங்க, கிளட்ச் வேலை பாத்தவங்க அதைத் திரும்ப மாட்டாமயே உட்ருப்பாங்க.