தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள கிங் எட்வர்ட் மருத்துவமனை எப்படி உருவானது? அங்குள்ள தமிழர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேள்வியைப் பார்த்ததும் எங்கள் பெரியம்மாதான் கண்முன் வந்தார். அவர் கிங் எட்வர்டின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். நான் 1962இல் பிறந்ததும் அங்கேதான். அப்பாவுடைய அம்மாவை நாங்கள் இங்கே ஆயா என்று கூப்பிடுவோம். என் தமிழ் அந்த ஆயாவிடமிருந்து வந்தது. பிறகு சனிக்கிழமைப் பாடசாலையிலும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்திலும் எழுதப் படிக்கக் கற்றேன். ஆகவே இது ஆராய்ச்சியாளர் பதில் இல்லை, அந்த ஊரில் வாழ்ந்தவனின் பதில்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘டிரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது. அப்போது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்து இறங்கினார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்தான் அதிகம். கரும்புத் தோட்டத்தில் காய்ச்சலென்று படுத்தால் ‘நடிக்கிறான்’ என்பதுதான் முதல் பேச்சு. காரணமில்லாமல் வேலைக்கு வரவில்லை என்று கணக்கில் ஏறிவிட்டால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். பின்னாளில் தோட்டங்களை வட்டங்களாகப் பிரித்து வட்டத்துக்கு ஒரு டாக்டரை வைத்தார்கள். அதனால் கிடைத்த நிவாரணம் கொஞ்சம்தான்.

நகரத்தில் டாக்டர் பூத் என்ற பாதிரியார் சிறிய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று நடத்தினார். பார்சி ருஸ்தம்ஜி என்ற இந்திய வணிகர் அதற்குப் பணம் கொடுத்தார். வழக்கறிஞராக இருந்த காந்தி தினமும் காலையில் அங்கே போய் ஒன்றிரண்டு மணி நேரம் கம்பவுண்டர் வேலை பார்த்தார். நோயாளி சொல்வதைக் கேட்டு, டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, மருந்தைக் கலந்து கொடுக்கும் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எங்கள் ஜனங்களுக்கு முதலில் தேவைப்பட்டது மருந்தைவிட, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கிங் எட்வர்டுக்கு வருகிறேன். கடற்கரையில் இருந்த அடிங்டன் மருத்துவமனைதான் டர்பனின் பழைய அரசு மருத்துவமனை. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அங்கே ஒதுக்கிய இடம் போதவில்லை. அவர்களைத் தனியாகப் பிரித்துவைக்கவும் அரசு விரும்பியது. அப்படி டர்பனின் காங்கெல்லா பகுதியில், உம்பிலோ சாலையை ஒட்டி, ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் மட்டும் வரும் பெரிய மருத்துவமனையாக 1936இல் திறக்கப்பட்டதுதான் எட்டாம் எட்வர்ட் மருத்துவமனை. அந்த அரசர் அதே ஆண்டு டிசம்பரில் முடியைத் துறந்துவிட்டார். பெயர் மட்டும் பல தலைமுறைக்கு இங்கே நிலைத்துவிட்டது. நோயாளிகள் எல்லாம் நம்மவர்கள், டாக்டர்களும் மேற்பார்வை செய்யும் மேட்ரன்களும் வெள்ளையர்கள் என்பதுதான் தொடக்க கால ஏற்பாடு.

அதே 1936இல்தான் டாக்டர் கூனம் எடின்பரோவில் மருத்துவம் படித்து முடித்து டர்பனுக்குத் திரும்பினார். கேசவலு குணரத்தினம் நாயுடு என்பது முழுப்பெயர், எல்லோருக்கும் டாக்டர் கூனம். தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் டாக்டர். படித்துவிட்டு வந்த இந்தியருக்கு அரசு ஆஸ்பத்திரிக் கதவு எளிதில் திறக்காத காலம் அது. ஓர் இந்தியரின் உத்தரவை வெள்ளைக்கார நர்ஸ் எப்படி ஏற்பாள் என்பதே அன்றைக்கு ஒரு வாதமாக இருந்தது. டாக்டர் கூனம் சொந்தமாகக் கிளினிக் வைத்து வைத்தியம் பார்த்தார், எளியவர்களின் வீடுகளுக்கே போய்ப் பிரசவம் பார்த்தார். டாக்டர் மாண்டி நாயக்கரும் எடின்பரோவில் படித்தவர்தான். 1946 ஜூன் 13இல் இந்தியர் நில உரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துச் சாத்விகப் போராட்டம் தொடங்கியது. உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில் இருந்த காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். மாண்டி நாயக்கர் தலைமை தாங்கினார், டாக்டர் கூனமும் சிறை போனார். கிங் எட்வர்டுக்கு நோயாளிகளைக் கொண்டுபோகும் அதே சாலைதான்.

மூன்றே ஆண்டுகளில், 1949 ஜனவரியில், ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே பெரும் கலவரம் வெடித்தது. 142 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். காயம்பட்ட இரு தரப்பாருக்கும் போக்கிடம் கிங் எட்வர்ட்தான். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தாத்தா காய்கறி பயிரிட்டு வந்தார். பக்கத்து ஜூலு வீட்டுக்காரர்தான் அன்றிரவு எங்கள் குடும்பத்தை ஒளித்துவைத்தார் என்று ஆயா சொல்வார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். 1951இல் நேட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இந்த மருத்துவமனையை ஒட்டித் தொடங்கியது. வெள்ளையர் அல்லாதவர்களுக்காகவே தொடங்கியது. மாணவர் விடுதி பட்டணத்துக்கு வெளியே வென்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றத்துக்கு நடுவே. 1957இல் முதல் அணியாக 12 பேர் டாக்டராக வெளியே வந்தார்கள்.

கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் படித்த கறுப்பின, இந்திய மாணவர்கள் வெள்ளைக்கார நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குள் போகக்கூடாது. வெள்ளையர் பிணத்தை அறுத்துக் காட்டும் பாடத்துக்கும் அவர்களுக்கு அனுமதி இல்லை. டர்பனில் வெள்ளை நோயாளி என்று யாருமே இல்லாததால் ‘நீ இங்கே வராதே’ என்று சொல்ல ஒரு வார்டும் இல்லை. ஒதுக்கிவைக்கக் கட்டிய இடத்தில், ஒதுக்கப்பட்டவர்களே எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்தில் நின்று முழு மருத்துவத்தையும் கற்றார்கள். காசநோய், சத்துக்குறைவால் வீங்கிய குழந்தைகள், பிரசவ ஜன்னி, கத்திக்குத்து என்று ஒரே வாரத்தில் அவர்கள் பார்த்ததை வேறு ஊர் மாணவர் பல மாதம் காத்திருந்துதான் பார்க்க முடியும். பெரியம்மா, ‘டர்பனில் படித்த பையன் கை நடுங்கமாட்டான்’ என்பார்.

அந்தக் கல்லூரியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பிடுங்கித் தன் நேரடிப் பிடியில் வைக்க 1957 வாக்கில் அரசு முயன்றது. ஆசிரியர்கள் மொத்தமாக வேலையை விட்டுவிடுவோம் என்றார்கள், அரசு பின்வாங்கியது. பெரும்பாலும் வெள்ளைக்கார ஆசிரியர்கள் அவர்கள். அந்த நேர்மையையும் நாம் மறக்கக்கூடாது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு, ஒரே வார்டில் ஒரே வேலை செய்த டாக்டர்களுக்குத் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் சம்பளம். வெள்ளையருக்கு அதிகம், இந்தியருக்குக் குறைவு, ஆப்பிரிக்கருக்கு அதைவிடக் குறைவு.

1966இல் ஸ்டீவ் பிகோ இங்கே மருத்துவம் படிக்க வந்தார். வென்ட்வொர்த் விடுதி அறைகளில் நடந்த பேச்சுகளிலிருந்துதான் கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் வளர்ந்தது. ஒடுக்கப்பட்ட இந்தியர்களும் கலப்பினத்தவரும் கறுப்பர்களே என்று அவர்கள் சொன்னார்கள். பிகோவைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள், 1977இல் காவலில் அடித்துக் கொன்றார்கள்.

அந்த 1977இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயாவுக்கு இதய வால்வில் கோளாறு என்று கிங் எட்வர்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதினைந்து வயது, கூடப் போனேன். பேராசிரியர் பின்னால் ஏழெட்டு மாணவர்கள். ஒருவர் பின் ஒருவராக ஆயாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்கள். ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது. கூட்டத்தில் இருந்த ஓர் இந்திய மாணவரிடம் பேராசிரியர், ‘நீ கேள்’ என்றார். அந்தப் பையனுக்குத் தமிழ் வரவில்லை, தலைகுனிந்து நின்றான். அப்போது ஒரு ஜூலு மாணவர் குனிந்து, ‘சவுபோனா கோகோ’ என்றார். வணக்கம் பாட்டி என்று அர்த்தம். ஆயா பளிச்சென்று ஜூலுவிலேயே பதில் சொன்னார். எப்போதிருந்து மூச்சு வாங்குகிறது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், கால் எப்போது வீங்குகிறது, எல்லாம். கேட்டோ மேனர் சந்தையில் கற்ற ஜூலு அது. கடைசியில் அந்த ஜூலு மாணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ‘நல்லா இருப்பா தம்பி’ என்று தமிழில் சொன்னார். வாழ்த்துகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தமிழை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

இங்கே நடந்த ஆராய்ச்சிகளில் ஒன்று உங்கள் வீட்டு மருந்துப் பெட்டிவரை வந்திருக்கும். வயிற்றுப்போக்குக்கு ஃபிளாஜில் மாத்திரை சாப்பிட்டிருப்பீர்கள். அமீபாவால் வரும் சீதபேதிக்கும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று 1966இல் உலகுக்குச் சொன்னவர்கள் டர்பன் அமீபா ஆய்வுக் குழுவினர். அதற்கு முன் எமெட்டின் ஊசிதான், அது இதயத்தையே பாதிக்கக்கூடியது. அப்புறம் எச்.ஐ.வி. வந்தது. கிங் எட்வர்டில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜெர்ரி கோவாடியா, அன்னா கூட்சூடிஸ் ஆகியோரின் குழு, எச்.ஐ.வி. உள்ள தாய் பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு எதையும் கலந்து கொடுக்காமல் இருந்தால் குழந்தைக்குத் தொற்று குறைகிறது என்று 1999இல் வெளியிட்டது. புட்டிப்பாலுக்கு நல்ல தண்ணீர்கூட இல்லாத தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் சுமார் 2000 படுக்கைகள் இருந்தும் இடம் போதாது. கட்டிலுக்கு அடியிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். 1994இல் மண்டேலா கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசம் என்று அறிவித்ததும் கூட்டம் இன்னும் பெருகியது. கல்லூரி 2000இல் மண்டேலா பெயரைப் பெற்றது. மருத்துவமனைக்கும் இப்போது விக்டோரியா மக்ஸெங்கே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் இங்கேயே பிரசவம் பார்க்கப் பயின்ற நர்ஸ், பிறகு வழக்கறிஞரானவர், 1985இல் அவரது வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். பெயர் மாற்றம் வீண் செலவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மருத்துவமனைக்குள் கால் வைக்காத ஓர் அரசரைவிட, இங்கே இரவுப் பணி பார்த்த பெண்ணின் பெயர்தான் பொருத்தம்.

எங்கள் குடும்பத்தின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அறுபதுகளில் எங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வழக்கறிஞர் ஆர்.கே. கான் பெயரிலான அறக்கட்டளையின் முயற்சியால் 1969இல் அங்கே ஒரு மருத்துவமனை வந்தது. இன்றும் சாட்ஸ்வொர்த்காரர்கள் முதலில் ஓடுவது அங்கேதான். காலி செய்த கேட்டோ மேனரிலோ பெரும்பகுதி நிலம் பல ஆண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. அம்பலவாணர் ஆலயம் அங்கேயே நின்றது. ஈஸ்டர் சமயத்துத் தீமிதிக்கு எல்லோரும் சாட்ஸ்வொர்த்திலிருந்து திரும்பி வருவார்கள். 2002இல் அதே கேட்டோ மேனரில் 846 படுக்கைகளோடு இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மருத்துவமனை திறந்தது. கிங் எட்வர்டின் பல சிறப்புப் பிரிவுகள் அங்கே மாறின.

அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது. வீட்டுக்குக் கிளம்பிய நாளில், கோயில் பக்கமாகப் போகச் சொன்னார். கோயிலைத் தாண்டி ஒரு சரிவில் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அந்தக் கொய்யாமரத்துக்குக் கீழேதான் தாத்தா கீரைப் பாத்தி போட்டிருந்தார்’ என்றார்.