பீரோவில் படுத்திருக்கும் பாட்டில்

(திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் நீண்ட காலம் மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் ஒயின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பிரான்ஸில் படிக்கும் என் மகன், பூஜொலே பக்கம் ஒரு சின்னத் தோட்டக்காரரிடம் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் வாங்கி வந்தான். ஒன்று 9 யூரோதானாம். ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும் என்கிறார்களே! பத்து வருடம் கழித்து அவன் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன். சரிதானுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: படுக்க வைத்தது சரிங்க. கார்க் காய்ந்துவிடாமல் இருக்க அப்படித்தான் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் தப்பு. மகன் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒன்றைத் திறந்துவிடுங்கள். இன்னொன்றை ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு மாற்றி, அடுத்த லீவுக்கு அவன் வரும்போது எடுங்கள்.

பழசானால் ருசி கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. நம் ஊரில் தெளுவும் (பதநீர்) இருக்கிறது, புளியும் இருக்கிறது. தெளுவை மரத்திலிருந்து இறக்கிய கையோடு குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்து வேறு சரக்காகிவிடும். புளியை உப்புப் போட்டு, பானையில் அடைத்து, வருடக்கணக்கில் வைக்கிறோம். உலகத்தில் செய்கிற ஒயினில் பெரும்பகுதி தெளுவுச் சாதிதான். உங்கள் மகன் கொண்டுவந்ததும் அதுதான்.

சிவப்பு ஒயினை வருடக்கணக்கில் தாங்கி நிறுத்துவது முக்கியமாக அதன் துவர்ப்பு. டானின் என்பார்கள். நாவல்பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுவேதான். திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து சாற்றில் இறங்குகிறது. வருடங்கள் போகப் போக இந்தத் துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, பாட்டிலின் அடியில் வண்டலாகப் படியும். நாக்கில் பட்டால் மெத்தென்று இருக்கும். பழ வாசம் போய், புகையிலை, தோல், காளான் போன்ற வாசங்கள் வரும். ஆக, ஆரம்பத்தில் துவர்ப்பும் புளிப்பும் தாராளமாக இருந்தால்தான் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

பூஜொலேயில் விளைவது கமே என்கிற திராட்சை. துவர்ப்பு குறைவு. அங்கே பெரும்பாலும் குலையை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள்; பழத்துக்குள்ளேயே நொதிப்பு ஆரம்பித்துவிடும். பழ வாசம் நன்றாக இறங்கும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. அப்புறம் பத்து வருடம் வைத்து எதை மெத்தென்று ஆக்குவது? இருக்கிற பழ வாசமும் போய்விடும். லேபிளில் மோர்கோன், மூலான்-ஆ-வான் என்று அங்குள்ள தனிப் பகுதியின் பெயர் இருந்தால் மட்டும் கதை கொஞ்சம் வேறு. அவை சில வருடம் தாங்கும். ஆனால் தாங்குவது அவர்கள் ஊர் நிலவறையில், உங்கள் பீரோவில் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2004-இல் பிரான்ஸின் லியோனில், எங்கள் பனியன் வாங்கும் பையர் ஆபீஸுக்குப் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பையர் என்னைக் காரில் பூஜொலேக்குக் கூட்டிப்போனார். தோட்டக்காரர் ரப்பர் பூட்ஸ் போட்டு, ஹோஸ் பைப்பில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வந்து ஊற்றிக் கொடுத்தார். நாவல்பழ நிறம், செர்ரி வாசம். இரண்டு பாட்டில் வாங்கினேன். "அடுத்த அறுவடைக்குள் குடித்துவிடு" என்று அவர் சொன்னதை பையர் மொழிபெயர்த்தும் சொன்னார். நான் கேட்கவில்லை. ஃபாரின் சாமான் என்றால் சென்ட் பாட்டிலைக்கூடத் திறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வம்சம் நாங்கள்.

ஒன்றை அன்றைக்கு ராத்திரியே குடித்தேன். மற்றொன்று ஒன்பது வருடம் திருப்பூர் இரும்பு பீரோவில் கிடந்தது. மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் சம்பந்தியோடு உட்கார்ந்து திறந்தேன். மேல் உறையைப் பிய்த்தபோதே கார்க் அரை விரற்கடை வெளியே தள்ளியிருந்தது. கிளாஸில் செங்கல் கரைத்த தண்ணீர். மோந்தால் காடி. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "பொண்ணு குடுத்த வீடுங்கறதால பேசாம முழுங்கிட்டேனுங்க" என்றார்.

தப்பு தோட்டக்காரர் பேரில் இல்லை. ஒயினை வைக்க வருடம் முழுக்க 12, 13 டிகிரி வேண்டும். வெளிச்சமும் ஆட்டமும் கூடாது. நம் பக்கம் சித்திரையில் 38 டிகிரி சர்வசாதாரணம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்று புகும். அதற்குப் பெயர் முதிர்ச்சி இல்லை, வேக்காடு.

இன்னொன்று: விலை குறைவு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். சின்னத் தோட்டக்காரருக்குச் சரக்கை வருடக்கணக்கில் முடக்கிப் போட வசதி இருக்காது. சீக்கிரம் விற்று, சீக்கிரம் குடிக்கிற மாதிரிதான் பெரும்பாலும் செய்கிறார்.

கேள்வி: ஆசைக்கு ஒரு பாட்டிலாவது வைத்துப் பார்க்க வேண்டும் அண்ணா. எதை வைக்கலாம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: தம்பி, ஒயினை அந்த 12, 13 டிகிரியில் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ், அதாவது ஒயின் கூலர் இருக்கிறதா? இருந்தால் இத்தாலியின் நெபியோலோ திராட்சை ஒயின் நல்ல துணை. அதில் செய்கிற பரோலோவை 38 மாதம் ஆகாமல் விற்கவே கூடாது என்று அங்கே சட்டம், அவ்வளவு துவர்ப்பு. விலையும் அதற்கேற்றபடிதான். வெளிநாட்டிலிருந்து வருபவர் வரி கட்டாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டிலாக இரண்டு. ஒரே ஒயினில் இரண்டு வாங்கி ஒன்றை இப்போதே திறந்து பாருங்கள். துவர்ப்பு நாக்கைப் பிடித்து, புளிப்பும் எடுப்பாக இருந்தால் மற்றதை வையுங்கள்.

கூலர் இல்லையென்றால் ஸ்பெயினின் ரியோஹா ரிசர்வா வாங்கிவிடுங்கள். குறைந்தது மூன்று வருடம் அவர்களே வைத்திருந்துதான் விற்கிறார்கள். நமக்கு வாடகையில்லாத நிலவறை.

கேள்வி: பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பழைய ஒயின் நல்லதா, புதுசா?
– வாசகர், குமாரபாளையம்

பதில்: புதுசு, சந்தேகமே வேண்டாம். வரமிளகாய்க் காரத்தைத் துவர்ப்பும் ஆல்கஹாலும் இன்னும் கிளப்பிவிடும். பழைய ஒயினின் மெல்லிய வாசம் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் வதங்குகிற வாசத்துக்கு முன்னால் நிற்காது. துவர்ப்பு குறைந்த இளசை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து ஊற்றுங்கள். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்கச் சொன்னது ஐரோப்பாக்காரன் குளிர் வீட்டை மனதில் வைத்து, காவிரிக்கரை மே மாதத்தை வைத்து இல்லை.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?
– வாசகி, தாராபுரம்

பதில்: கார்க்கைத் திரும்ப அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். நாலாம் நாள் மீந்ததை ஒருதடவை என் வீட்டம்மா வெள்ளாட்டுக் கறியில் ஊற்றி ஊற வைத்தார். அரைத்துவிட்ட மசாலாவில் ஒயின் ஊற்றிய சுவடே தெரியவில்லை.